ஆயிரம் ஜன்னல், ஒரு ஆள்: நகரத்துத் தனிமையைப் படத்தில் கொண்டுவருவது எப்படி?

ஈரச்சுவர்:

வணக்கம். நகரத்துத் தனிமையைப் பொருளாக வைத்து ஐந்து படம் கொண்ட ஒரு வரிசை தொடங்கியிருக்கிறேன். முதல் படமே முட்டி நிற்கிறது.

விவரம்: அக்ரிலிக், 60 × 45 செ.மீ. கேன்வாஸ், நெட்டுவாக்கில். இரவு நேரம், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் முகப்பு. ஏழு மாடி, மாடிக்கு ஆறு ஜன்னல். தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிற கோணம். ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம். உள்ளே ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மீதி எல்லாம் பிரஷ்யன் நீலமும் கறுப்பும்.

பார்த்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, "பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ." இன்னொன்று, "ராத்திரி எவ்வளவு அமைதியா இருக்கு." நான் சொல்ல வந்தது இரண்டுமே இல்லை. சுற்றிலும் இத்தனை பேர் இருந்தும் ஒட்டாமல் இருக்கிற அந்த நிலை வரவில்லை.

என் கேள்விகள்:

தவறு கம்போசிஷனிலா (எதை எங்கே வைக்கிறோம் என்ற அமைப்பிலா), நிறத்திலா?

ஜன்னல் வெளிச்சம் மஞ்சள் காகிதத்தை வெட்டி ஒட்டினதுபோல் தெரிகிறது. ஏன்?

முகம் காட்டாமல் முதுகுப்பக்கமாக வரைவது தப்பித்துக்கொள்கிற வேலையா?

ஐந்து படத்திலும் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்லாமல் இருக்க என்ன வழி?

---

நிழற்கோடு:

உங்களுக்கு வந்த இரண்டு விமர்சனமும் சரியானவைதான். படம் அவற்றைத்தான் சொல்கிறது. தலை கவிழ்ந்து முழங்காலைக் கட்டிய உருவம் துக்கத்துக்கான அடையாளம். அதைக் கண்டதும் பார்வையாளர் "ஏன் அழுகிறாள்" என்று கதை தேடப் போய்விடுவார். மற்ற 41 ஜன்னலும் இருட்டாக இருப்பதால் ஊர் தூங்குகிறது, இவள் மட்டும் விழித்திருக்கிறாள் என்று ஆகிறது. அது ஏகாந்தம். தமிழில் தனிமை என்கிற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் படத்தில் இரண்டும் வேறு வேறு. ஏகாந்தத்துக்கு வெற்றிடம் வேண்டும். நகரத்துத் தனிமைக்கு நெருக்கம் வேண்டும், அந்த நெருக்கத்தின் நடுவில் ஒரு அடைப்பும் வேண்டும். உங்கள் படத்தில் அடைப்பு இருக்கிறது, நெருக்கம் இல்லை.

முதலில் உருவத்தை மாற்றுங்கள். சோகத்தை எடுத்துவிட்டு ஒரு சாதாரண வேலையைக் கொடுங்கள், அதுவும் இரண்டு பேர் செய்கிற வேலையாக இருக்கட்டும். எனக்குத் தோன்றுவது, பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தி தனியாக மடிப்பது. விரிப்பின் நடுமடிப்பை மோவாயால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். இரண்டு கையையும் எட்டும்வரை விரித்து இரண்டு முனையைப் பிடித்திருக்கிறாள். கை நீளம் போதாததால் ஒரு முனை தளர்ந்து தரையைத் தொடுகிறது. தலை தானாகவே குனிந்திருக்கும், ஆனால் வேலைக்காகக் குனிந்த தலை அது. எதிர்முனையைப் பிடிக்க ஆள் இல்லை என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம், விரிப்பு சொல்லிவிடும். முகத்தில் எந்த உணர்ச்சியும் போடாதீர்கள். போட்டால் கெட்டது.

இரண்டாவது, ஏழு மாடி அதிகம். அவ்வளவு ஜன்னல் இருந்தால் கட்டடம் ஒரு டிசைன் ஆகிவிடும், மனிதர் புள்ளியாகிவிடுவார். மூன்று மாடி, மாடிக்கு மூன்று ஜன்னல் என்று வெட்டிக்கொள்ளுங்கள். கட்டடத்தின் மேல்விளிம்பும் தரையும் படத்துக்குள் வரக் கூடாது. அப்போதுதான் இது நான்கு பக்கமும் இப்படியே போகிறது என்ற எண்ணம் வரும். 60 செ.மீ. உயரத்தில் மாடிக்கு 20 செ.மீ. கிடைக்கும். நிற்கிற ஆள் 10 முதல் 11 செ.மீ. வருவார்.

ஒன்பது ஜன்னலில் ஆறில் வெளிச்சம், நான்கில் ஆட்கள். இதில் ஒரு ஜோடியைப் பொதுச்சுவருக்கு இரு பக்கமும் வையுங்கள். இரண்டு வீட்டு ஜன்னலையும் அந்தச் சுவரின் ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் 3 செ.மீ. மட்டும் விடுங்கள். இந்தப் பக்கம் விரிப்பு மடிக்கிறவள். அந்தப் பக்கம் ஒருவர் அதே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். கித்தானில் அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு விரல் நீளம்கூட இல்லை. பார்வையாளருக்கு மட்டும்தான் அது தெரியும். படத்தின் முழு வலியும் அந்த 3 செ.மீ.யில் இருக்கிறது. அந்தச் சுவரைப் பட்டையாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் விடுங்கள்.

பார்வைக் கோடு என்று ஒரு சோதனை உண்டு. ஸ்கெட்ச் மேல் டிரேசிங் தாள் போட்டு, ஒவ்வொரு உருவத்தின் கண்ணிலிருந்தும் அவர் பார்க்கும் திசைக்கு ஒரு கோடு இழுங்கள். எந்த இரண்டு கோடும் எதிரெதிரே சந்திக்கக் கூடாது, யாரும் பார்வையாளரை நேராகப் பார்க்கக் கூடாது. ஆனால் நாலு பேரும் நாலு திசையில் கச்சிதமாகப் பிரிந்து நின்றால் நாடக மேடைபோல் ஆகிவிடும். ஒருவர் பார்வை மட்டும் இன்னொருவரின் முதுகிலோ கையிலோ போய் விழட்டும். பார்க்கப்படுகிறவருக்கு அது தெரியாது. படத்தைப் போலியாகாமல் காப்பாற்றுவது அந்த ஒரு கோடுதான்.

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' (1942) படத்தை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். ஒருவர் இல்லை, நான்கு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் முகத்திலும் துக்கம் இல்லை. வளைந்த பெரிய கண்ணாடி முழுக்க உள்ளே காட்டுகிறது, ஆனால் தெருவிலிருந்து உள்ளே போகும் கதவு படத்தில் இல்லை. தெரிகிற ஒரே கதவு உள்கட்டுக்குப் போவது. பார்க்கிற நாம் வெளியே இருட்டில் நிற்கிறோம். தனிமை அந்த நால்வரிடம் இருக்கிற அளவு நம்மிடமும் இருக்கிறது. கிட்டத்தட்ட 84 × 152 செ.மீ. அளவில், அகல வாக்கில் வரைந்திருக்கிறார். தெருவின் வெறுமை அந்த அகலத்தில்தான் நிற்கிறது.

முதுகுப்பக்கம் வரைவது தப்பித்தல் இல்லை. டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் தன் மனைவி ஈடாவை அறைக்குள் மறுபடி மறுபடி முதுகுப்பக்கமாக வரைந்திருக்கிறார். அங்கே கழுத்தின் பின்புறம் முகத்தின் வேலையைச் செய்கிறது. ஒளி பிடரியில் விழுகிறது, கொண்டைக்குக் கீழே இரண்டு முடி பிரிந்திருக்கிறது, அது போதும். பிடரியையும் அக்கறையாக வரையாமல், கறுப்புக் கூந்தலாக மொத்தையாக அப்பினால்தான் அது தப்பித்தல்.

பெரிய கேன்வாஸைத் தொடும் முன் 6 × 4.5 செ.மீ.யில் பத்து சிறு ஸ்கெட்ச் போடுங்கள். மூன்றே டோன்: இருட்டு, நடு, வெளிச்சம். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். அந்த அளவிலேயே நெருக்கமும் அடைப்பும் தெரியாவிட்டால் பெரிதாக்கினாலும் தெரியாது.

---

சாம்பல்கிண்ணம்:

கம்போசிஷனை நிழற்கோடு நல்லாவே சொல்லிட்டார். நான் ஜன்னலுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி கோணத்துல ஒரு அடிப்படைத் தப்பு இருக்கு.

தெருவில் நின்னு நாலாவது மாடி ஜன்னலைப் பார்த்தா, உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள் தெரியவே மாட்டார். தெரியறது கூரையும் சுவரோட மேல்பாதியும்தான். ஜன்னலை ஒட்டி நின்னாத் தலையும் தோளும் தெரியும், அவ்வளவுதான். நீங்க அண்ணாந்து பார்க்கிற கட்டடத்துக்குள்ள நேர்மட்ட ஆளை வச்சிருக்கீங்க. ஏன்னு சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணு இதைப் பிடிச்சிடும். அதனாலயும்தான் ஒட்டவச்ச காகிதம் மாதிரி தெரியுது.

கண்மட்டக் கோட்டை நடு மாடியில் நிற்கிறவரோட கண் உயரத்துக்குக் கொண்டுவாங்க. இப்போ மேல்மாடியில் கூரை கொஞ்சம் தெரியும், கீழ்மாடியில் தரை தெரியும், நடுவில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரு கோடா ஒடுங்கும். இதுல இன்னொரு லாபம் இருக்கு. இந்த உயரத்துல நின்னு பார்க்கிறவர் யார்? எதிர்க் கட்டடத்துல, அதே மாடியில், விளக்கை அணைச்சிட்டு நிற்கிற இன்னொருத்தர். படத்தைப் பார்க்கிறவங்க அந்த இடத்துல போய் நின்னுடுவாங்க.

இனி நிறம். 1 அடர் இருட்டு, 10 வெள்ளை என்று ஒரு பத்துப்படி டோன் அட்டை செஞ்சு பக்கத்துல வச்சுக்கோங்க. உங்க சுவர் 1, ஜன்னல் 9னு நினைக்கிறேன். நடுவில் எதுவுமே இல்லாததாலதான் வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. நகரத்து இரவு கறுப்பு கிடையாது. சுவர் 2லிருந்து 4 வரை, ஜன்னல்கள் 5லிருந்து 7. 8க்கு மேல ஒரே ஒரு இடம், அந்த விரிப்போட ஒரு மடிப்பு. 9, 10 வேண்டவே வேண்டாம்.

கறுப்பு ட்யூபை ஓரமா வைங்க. அல்ட்ராமரின் நீலம் ரெண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஒரு பங்கு கலந்தா கறுப்புக்கு ரொம்பப் பக்கத்துல ஒரு இருட்டு வரும். டைட்டானியம் வெள்ளை சேர்க்கச் சேர்க்க அது உயிருள்ள சாம்பலா விரியும். நீலம் கூடினா குளிர்ச்சி, சியன்னா கூடினா வெதுவெதுப்பு. சுவர் முழுக்க ஒரே சாம்பல் பூசாம இந்த ரெண்டுக்கும் நடுவில் ஆட விடுங்க. பிரஷ்யன் நீலம் கெட்ட நிறம் இல்ல, ஆனா சாயம் ரொம்ப வலு. ஒரு துளி கூடினாலும் பக்கத்துல இருக்கிறதை எல்லாம் விழுங்கிடும். கறுப்போட சேர்த்தா மேடை வெளிச்சம் மாதிரி ஆகிடும். இங்கிலாந்து ஓவியர் எல்.எஸ். லௌரி மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தெருக்களை ஐந்தே நிறத்துல வரைஞ்சார்: ஐவரி கறுப்பு, வெர்மிலியன், பிரஷ்யன் நீலம், யெல்லோ ஓக்கர், ஃபிளேக் வெள்ளை. அவர்கிட்ட பிரஷ்யன் நீலம் நிக்குதுன்னா, பின்புலம் முழுக்க வெள்ளையா இருக்கிறதாலதான். உங்க படம் அதுக்கு நேர் எதிர்.

ஜன்னல் எல்லாத்துக்கும் ஒரே மஞ்சள் போடாதீங்க. ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு விளக்கு. அந்த வேறுபாடே பிரிவைச் சொல்லிடும்.

வெதுவெதுப்பான பல்பு (2700 கெல்வின்): யெல்லோ ஓக்கர், வெள்ளை, காட்மியம் ஆரஞ்சு ஒரு துளி. வெள்ளை எல்இடி (6500 கெல்வின்): வெள்ளை, அடிப்படைச் சாம்பல் கொஞ்சம், நீலம் ஒரு சொட்டு. பழைய ட்யூப்லைட்டுக்கு அதோட லெமன் யெல்லோவும் விரிடியனும் ஊசிமுனை அளவு, அந்த லேசான பச்சைதான் தோலை வெளிற வைக்கும். டிவி ஓடுற அறை: செருலியன் நீலமும் சாம்பலும், டோன் 5க்கு மேல போகாம, ஓரங்களை மங்க விட்டு. திரை போட்ட ஜன்னல்: பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும், டோன் 5.

ஒரே ஜன்னலுக்குள்ளயும் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்காது. விளக்கு கூரையில இருந்தா மேலே ஒரு படி வெளிச்சம், கீழே ரெண்டு படி இருட்டு. மேஜை விளக்குன்னா தலைகீழ். இந்த ஒரு மாற்றத்தைச் செஞ்சாலே காகிதம் அறை ஆகிடும்.

செய்முறை இப்படி வச்சுக்கலாம். கெஸ்ஸோ (கேன்வாஸுக்கு முதல்ல போடற வெள்ளை அடிப்பூச்சு) ரெண்டு பூச்சு, காய்ஞ்சதும் 320 எண் உப்புத்தாளால லேசா தேய்ப்பு. முழு கேன்வாஸுக்கும் சுவர் நிறம், டோன் 3. நல்லா காயட்டும். ஜன்னல் ஓரத்துல மாஸ்கிங் டேப். டேப்பை ஒட்டினதும் அதே சுவர் நிறத்தை ஓரத்துல ஒருதரம் மெல்லிசா இழுங்க. கசியறது அந்த நிறமே கசிஞ்சு ஓட்டையை அடைச்சிடும், மேல போடற வெளிச்சம் கசியாது. உள்நிறம் போட்டு, முழுக்கக் காயறதுக்கு முன்னாடி டேப்பை 45 பாகைச் சாய்வுல மெதுவா உரிங்க. முழுக்கக் காய்ஞ்சா ஓரம் பிஞ்சு வரும். எல்லா ஓரமும் கத்தியா இருந்தா மறுபடி ஸ்டிக்கர்தான். அதனால ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு ஓரத்தை மட்டும் ஈரப் பிரஷ்ஷால உடைங்க. கடைசியா வெளிச்சச் சிந்தல். ஒரு பங்கு நிறத்துக்கு எட்டுப் பங்கு கிளேஸிங் மீடியம் (நிறத்தைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக்கற திரவம்) கலந்து ஜன்னல் அடிக்கட்டை மேலயும், பக்கச் சுவர்ல ஒரு விரல் அகலத்துக்கும் தடவுங்க. சுவர் மேல வெளிச்சம் படாத ஜன்னல், எரியாத ஜன்னல்.

அக்ரிலிக் காயும்போது கொஞ்சம் இருண்டுடும், ஈரத்துல பால் மாதிரி இருக்கிற பைண்டர் (நிறத்தூளைப் பிடிச்சு வைக்கிற பசை) காய்ஞ்சதும் தெளிவாகிறதால. அரைப்படி கூட்டியே கலங்க. ஒரு துண்டுத் தாள்ல தடவிக் காயவச்சுப் பார்த்துட்டுப் போடறது நல்லது.

---

ஈரச்சுவர்:

கோணத்தில் இருந்த தவறு எனக்குத் தெரியவே இல்லை. நன்றி, சாம்பல்கிண்ணம். பத்து ஸ்கெட்ச் போட்டேன். விரிப்பு மடிக்கிறவள், சுவருக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருப்பவர் இரண்டும் நிற்கிறது. பெரிய அளவில் போட்டுப் பார்த்ததில் இரண்டு சிக்கல்.

தலை 14 மி.மீ.தான் வருகிறது. முகம் வரையப் போனால் பொம்மையாகிறது.

சுவரில் சாய்ந்திருப்பவர் கையில் போன் கொடுத்தேன், முகத்தில் மட்டும் அந்த வெளிச்சம். பேய்ப் பட போஸ்டர்போல் இருக்கிறது.

---

சாம்பல்கிண்ணம்:

பேய் வர்றதுக்குக் காரணம், வெளிச்சத்தை மோவாய்க்கு நேர் கீழே வச்சதுதான். அப்போ மூக்கோட நிழல் மேல்நோக்கி நெத்திக்கு ஏறும், கண்குழி அடியிலிருந்து எரியும். நிஜத்துல போன் பார்க்கிறவர் அதை நெஞ்சு உயரத்துல சாய்ச்சுப் பிடிக்கிறார், முகத்தையும் அதை நோக்கிச் சாய்க்கிறார். முகமும் திரையும் கிட்டத்தட்ட எதிரெதிரா வந்துடும். அதனால வெளிச்சம் முகத்துல நேராத்தான் விழுது. நிழல் எங்க விழும்னா: தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னாடி, தலைமுடி முழுக்க.

தூரத்தையும் கவனிங்க. திரையிலிருந்து 30 செ.மீ.யில் இருக்கிற மூக்குக்குக் கிடைக்கிற வெளிச்சத்துல ஏறத்தாழ கால்வாசிதான் 60 செ.மீ.யில் இருக்கிற முழங்காலுக்குக் கிடைக்கும். முகம் 6, சட்டைக் கழுத்து 5, மேல்கை 4, முழங்கால் 3. அறையிலும் ஒரு மங்கலான விளக்கு விடுங்க, டோன் 3 அளவுக்கு. சுத்த இருட்டுல முகம் மட்டும் எரிஞ்சா மறுபடி பேய்தான். இருட்டறையில ஒரு ஆளை உட்கார வச்சு, திரையில வெள்ளைப் பக்கம் திறந்து, வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைச்சு, பத்து நிமிஷம் பார்த்து வரைஞ்சா நான் எழுதின எதுவும் தேவைப்படாது.

இன்னொரு விஷயம். அந்தச் சுவர் ஆள் விரிப்புக்காரிக்குப் பக்கத்துல இருக்கிறதால, ஒருத்தர் வெதுவெதுப்பு வெளிச்சத்துல, ஒருத்தர் குளிர்ச்சியில. நடுவில் இருக்கிற 3 செ.மீ. சுவர்ல இடது ஓரம் லேசா ஆரஞ்சு, வலது ஓரம் லேசா நீலம். ரெண்டும் நடுவில் சேராம, சாம்பலாவே செத்துப்போகட்டும்.

---

நிழற்கோடு:

14 மி.மீ. தலைக்கு முகம் வரைய வேண்டாம். மூன்று டோன் போதும்: நெற்றி-கன்னம் ஒன்று, கண்பட்டை ஒன்று, தாடை அடி ஒன்று. 2 எண் உருண்டை பிரஷ். கண்ணை வரையாதீர்கள், கண் இருக்கிற பட்டையை மட்டும் ஒரே இழுப்பில் வையுங்கள். இந்த அளவில் ஆளைச் சொல்வது தலைக்கும் கழுத்துக்கும் இடையிலான கோணமும், இரண்டு தோளின் உயர வித்தியாசமும்தான். விரிப்பு மடிப்பவளுக்கு ஒரு தோள் ஏறியிருக்கும், ஏனென்றால் ஒரு முனை நழுவுகிறது. அந்தத் தோளைச் சரியாகப் பிடித்தால் முகத்தை யாரும் தேட மாட்டார்கள்.

அவள் அறையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறதே, அதை இரண்டாவது படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் விளக்கெரியும் அறைக்குள்ளிருந்து வெளியே பார்த்தால் ஊர் தெரியாது, நம் உருவம்தான் தெரியும். சாதாரணக் கண்ணாடி நேராகப் படும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளிவெளிச்சம் அதை மூழ்கடித்துவிடும், இரவில் அதற்குப் போட்டி இல்லை. அதனால் முதல் படம் வெளியிலிருந்து, இரண்டாவது அதே அறை உள்ளேயிருந்து. அவள் வெளியே பார்க்கிறாள், தெரிவது அவளும் அவள் விளக்கும். ஹாப்பர் 'ஆட்டோமேட்' (1927) படத்தில் இதை இன்னும் கடுமையாகச் செய்திருப்பார். பின்னாலிருக்கும் பெரிய ஜன்னலில் உள்விளக்குகளின் வரிசை மட்டும் இருட்டுக்குள் நீண்டுகொண்டே போகும். தெரு இல்லை, ஒரு ஆள் நிழல்கூட இல்லை. அந்தப் பெண் ஒரு கையுறையை மட்டும் கழற்றியிருப்பாள்.

பிரதிபலிப்பு வரையும்போது பலர் செய்யும் தவறு, அசல் அளவுக்கே தெளிவாகப் போட்டுவிடுவது. அசலைவிட மூன்று படி இருட்டாக, வண்ணம் குறைவாக, ஓரம் மங்கலாக இருக்கட்டும். கண்ணாடிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதால் விளக்குபோன்ற கூர்மையான வெளிச்சம் மட்டும் ஒன்றை ஒட்டி இன்னொன்றாக இரட்டையாகத் தெரியும். 2 மி.மீ. தள்ளி ஒரு மங்கல் நகல் போட்டால் அது கண்ணாடி என்று கண் நம்பும்.

---

அரைநொடி:

நான் புகைப்படப் பக்கம். உங்கள் ஐந்தில் ஒன்று பகல் கூட்டமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து, இல்லாவிட்டால் தனிமை என்றாலே இரவு என்று ஆகிவிடும். நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1892இல் வரைந்த 'கார்ல் யோகான் தெருவில் மாலை' படத்தில் வெளிறிய முகங்களோடு கூட்டம் நம்மை நோக்கி வருகிறது, தெரு நடுவில் ஒரே ஒரு உருவம் எதிர்த்திசையில் போகிறது. கூட்டத்தை வைத்தே தனிமையைச் சொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

வரைவதற்கு முன் ஆதாரமாகப் படம் எடுப்பதென்றால் மெதுவான ஷட்டர். கேமரா டிரைபாடில், ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/16. நல்ல வெயிலில் இதற்கு ஏறத்தாழ 1/100 நொடி வரும். என்டி64 ஃபில்டர் (லென்ஸ் முன் போடும் இருண்ட கண்ணாடி) போட்டால் ஆறு ஸ்டாப், அதாவது வெளிச்சம் ஆறு முறை பாதிபாதியாகக் குறைந்து 0.6 நொடி ஆகிவிடும். நடக்கிறவர் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் போவார், ஆக 0.6 நொடியில் முக்கால் மீட்டர். உடம்பு கோடாக இழுபடும், ஆனால் ஆள் என்று தெரியும். ஊன்றிய கால் மட்டும் கொஞ்சம் கூர்மையாக நிற்கும், அது அழகு. நான்கு நொடிக்குமேல் போனால் நடக்கிறவர்கள் புகையாகக் கரைந்து தெருவே காலியாகிவிடும். அப்போது மறுபடி ஏகாந்தப் பிரச்சினைதான்.

நடுவில் அசையாமல் நிற்கிறவர் தூணிலோ கைப்பிடியிலோ சாயட்டும். சும்மா நின்றால் அரைநொடியிலேயே தலை ஆடிவிடும். முப்பது, நாற்பது ஃபிரேமாவது எடுங்கள், அவர் முகத்துக்குக் குறுக்கே யாரும் கடக்காதது சில தான் கிடைக்கும். டிரைபாடில் வைத்த பிறகு லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷனை (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதியை) அணைத்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். தனிமைக்கு ஆதாரம் தேடி, நடைபாதையில் படுத்திருப்பவரையும், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் முதியவரையும் கேட்காமல் எடுக்காதீர்கள். அவர் தனிமையில் இருக்கிறாரா, வெயில் காய்கிறாரா என்பது நமக்குத் தெரியாது. நம்முடைய கருத்தை அவர் முகத்தில் ஒட்டுகிறோம். அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் டெலிலென்ஸ் நீட்டுவதும் கூடாது. தெரிந்தவரிடம் சொல்லி, அவர் வீட்டில் விளக்குப் போட்டு, விரிப்பைக் கையில் கொடுத்து, நீங்கள் எதிரே நின்று எடுங்கள். வெளிச்சமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், படத்துக்கும் அதுதான் நல்லது.

கண்ணாடி வழியாக எடுக்கும்போது போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) பற்றி: நேர் எதிரே நின்றால் அது பிரதிபலிப்பை நீக்காது. கண்ணாடிப் பரப்புக்கு ஏறத்தாழ 35 பாகையில் நின்றால்தான் நன்றாக வேலை செய்யும். இந்தப் பொருளுக்கு நான் அதைப் போடவே மாட்டேன், பிரதிபலிப்பு உங்களுக்கு வேண்டிய சரக்கு.

---

நிழற்கோடு:

வரிசை பற்றிய கடைசிக் கேள்வி பாக்கி இருக்கிறது. ஐந்து படத்திலுமே தனி ஆள் இருக்க வேண்டியதில்லை. மூன்றில் ஆள், ஒன்றில் கூட்டம், ஒன்றில் யாரும் இல்லை. ஆளில்லாப் படத்துக்குக் காலி நாற்காலி, ஒற்றைக் கோப்பை எல்லாம் வேண்டாம், அவை தேய்ந்துபோனவை. இரண்டு நாற்காலி இருக்கட்டும். ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து பின்னல் தொய்ந்தது, இன்னொன்றின் மேல் துவைத்த துணி மலைபோல் குவிந்திருக்கிறது. இரண்டாவது நாற்காலிக்கு ஆள் வருவதில்லை என்பதால் அது அலமாரியாகிவிட்டது. துணிக் குவியலுக்கு இடையில் நாற்காலி தெரிய வேண்டும், கால் இரண்டும் முதுகுச் சட்டத்தின் ஒரு முனையும் மட்டும்.

பகல் கூட்டத்துக்கு சுவிஸ் சிற்பி ஜாகோமெட்டியின் சிறிய வெண்கலச் சிற்பம் 'சிட்டி ஸ்கொயர்' (1948) பாருங்கள். அகலமான தட்டையான மேடை, மெலிந்த ஐந்து உருவங்கள். நான்கு ஆண்கள் நடக்கிறார்கள், ஒரு பெண் நிற்கிறாள். ஒவ்வொருவர் போகும் திசையையும் நீட்டிப் பார்த்தால் யாரும் யாரையும் சந்திக்க மாட்டார்கள். உருவங்களுக்கு நடுவில் கிடக்கிற தரைதான் அங்கே பொருள். உங்கள் கூட்டப் படத்திலும் ஆட்களை முதலில் வைக்காதீர்கள், இடைவெளிகளை முதலில் வரைந்து அதற்குப் பிறகு ஆட்களை வையுங்கள். இடைவெளி ஒரு தோள் அகலத்துக்குக் குறைந்தால் அவர்கள் கூட வந்தவர்கள்போல் ஆகிவிடுவார்கள். மூன்று தோளுக்குமேல் போனால் சம்பந்தமே இல்லாமல் போகும். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் அந்தச் சங்கடம் இருக்கிறது.

---

ஈரச்சுவர்:

மாட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடிச் சட்டம் போடலாமா?

---

சாம்பல்கிண்ணம்:

இருட்டுப் படத்துக்குக் கண்ணாடி போட்டா அது முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிடும். பார்க்கிறவர் தன்னையும் எதிர்ச் சுவர் விளக்கையும்தான் பார்ப்பார். முதல் படத்தோட 2, 3, 4 டோன் வேறுபாடு முழுக்கப் போயிடும். அக்ரிலிக்குக் கண்ணாடி அவசியமும் இல்ல. மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் போடுங்க, ஆனா ஒரே பூச்சு. அடர்த்தியா போட்டா வெள்ளைப் புகை படிஞ்ச மாதிரி இருட்டெல்லாம் சாம்பலா வெளிறிடும். முதல்ல பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அது காய்ஞ்சதும் மேல மேட் ஒரு பூச்சுன்னு போட்டா இருட்டோட ஆழம் குறையாது.

ரெண்டாவது படம், அந்த ஜன்னல் பிரதிபலிப்பு, அதுக்கு மட்டும் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். பார்க்கிறவர் முகம் அவளோட பிரதிபலிப்பு மேல விழும். மாட்டற இடத்துல விளக்கு எங்க இருக்குன்னு பார்த்து, சரியா வரலைன்னா கழட்டிடுங்க.

படங்களோட நடுப்புள்ளி தரையிலிருந்து 145, 150 செ.மீ. உயரத்துல இருக்கட்டும். நடு மாடியில் நிற்கிறவரோட கண்ணும் படத்தைப் பார்க்கிறவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துல வரும். முதலும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல, நடுவில் 3 செ.மீ. விட்டு மாட்டுங்க. அந்தப் பொதுச்சுவர் என்ன அளவோ அதே அளவு.